ஜைனப் வேடம் கட்டுகிறவன்

ரெய் நகரம்
ஷவ்வால் பிறை 12

தம்பி நுஸ்ரத்துக்கு,

சலாம் சொல்வது கடமை, சொல்லிவிட்டேன். சுகமா, ஆடுகள் சுகமா, ஊரில் மழை உண்டா என்றெல்லாம் கேட்கப் போவதில்லை. ஒன்றேகால் வருஷமாக நீயும் எங்களைக் கேட்கவில்லை.

இதைச் சமாதானத் தூது என்று நினைத்துவிடாதே. ஒரு காரியம் ஆக வேண்டியிருக்கிறது. அது உன் வாயில் இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

என் மகள் ஹகீமா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரித் தேர்வில் தேறிவிட்டாள். பகலெல்லாம் என்னோடு உட்கார்ந்து கடைக்குக் கீரை ஆய்ந்துகொண்டே, மடியில் புத்தகத்தை விரித்துப் படித்தவள். புத்தகத்தில் பாதிப் பக்கம் பச்சைக் கறை. முன்னூறு பேர் எழுதியதில் பதினோராவதாக வந்திருக்கிறாள். ஆனால் இடம் இன்னும் உறுதியில்லை. பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லப் போகிறவள் என்றால் நடத்தை விசாரிப்பார்கள், உனக்குத் தெரியும். பிறந்த ஊருக்கே ஓர் ஆள் வருவார். கடைக்காரரைக் கேட்பார், பள்ளிவாசல் பெரியவர்களைக் கேட்பார், சொந்தக்காரர்களைக் கேட்பார். ஊர் என்ன சொல்கிறதோ அதுதான் அவள் தலையெழுத்து.

ஊர் என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியாதா? ஹாஜி யதுல்லாவின் மகன் ஈரஜ் நெற்றியில் ஏழு தையல் விழுந்தது ஊருக்குத் தெரியும். ஏன் விழுந்தது என்பதற்கு அவன் சொன்ன கதைதான் ஊரில் இருக்கிறது. பெண் தானாகத் தேடி வந்தாளாம், இவன் போ என்றானாம், ஆத்திரத்தில் அடுப்புக் கிளறும் கம்பியால் அடித்தாளாம். பட்டப்பகலில் ஹாஜி வீட்டுக் கீழறைக்குப் பதினேழு வயசுப் பெண் எதற்குப் போனாள் என்று ஒவ்வொரு முக்காடும் என் வாசலைக் கடக்கும்போது திரும்பிப் பார்த்தது. உனக்குச் சோறு கொண்டுபோனாள். அடுப்புச் சூட்டில் கூரைப் பனி உருகி ஒழுகி, அங்கிருந்த நாடக உடுப்புப் பெட்டி நனைந்துவிட்டது, காலையிலிருந்து மாமா பட்டினியாக உட்கார்ந்து துணி காயவைக்கிறார் என்று கொண்டுபோனாள்.

நாடகத் திடலில் ஊர் கூடி உன்னைக் கேட்டபோது நீ என்ன சொன்னாய்? "நான் அப்ப ஓடையில துணி அலசிக்கிட்டிருந்தேன். எனக்கு ஒண்ணும் தெரியாது." அது ரஜப் மாதம், நுஸ்ரத். ஓடை கல்லாக உறைந்து கிடந்தது. அங்கே உட்கார்ந்திருந்த நாற்பது ஆண்களுக்கும் அது தெரியும். ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை. மூன்றாம் நாள் நானும் அவளும் மூட்டையைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினோம்.

போனது போகட்டும். இப்போது வருகிறவரிடம் நீ பார்த்ததைச் சொல். கூட்ட வேண்டாம், குறைக்க வேண்டாம். வருஷம் தவறாமல் முஹர்ரம் நாடகத்தில் கறுப்பு அங்கி போட்டு முகத்தை மூடிக்கொண்டு, இமாமின் தங்கை ஜைனப் பீவியாக, இமாமைக் கொன்ற அரசன் யஸீதின் சபையில் நின்று அவன் முகத்துக்கு நேரே பேசுகிறாயே, அந்தத் தைரியத்தில் கால்வாசி போதும்.

கௌகப்


நவ்தர்ரா
ஷவ்வால் பிறை 25

அன்புள்ள அக்காவுக்கு,

அலைக்கும் சலாம். உறையில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் பிரிக்காமல் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றேன். தபால்காரர், "என்னப்பா, கோர்ட்டு சம்மனா?" என்று கேட்டார். அக்கா எழுதியது என்றேன். "அப்ப அதவிடப் பெரிசு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நீ கேட்காவிட்டாலும் நான் சொல்வேன். இரண்டு ஆடு குட்டி போட்டிருக்கிறது. வாதுமைப் பூ பூத்த வாரத்திலேயே பனி விழுந்து கருகிப்போனதால் இந்த வருஷம் காய் இல்லை. உன் வீட்டுக் கூரையில் பனியை நான்தான் ஏறித் தள்ளினேன், இரண்டு தடவை. பூட்டுக்கு எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன். பஸ் டிரைவரிடம் ஒரு பை அக்ரூட்டும் கொஞ்சம் தயிர்க்கட்டியும் கொடுத்தனுப்பியிருக்கிறேன். ஹகீமாவுக்குத் தயிர்க்கட்டி பிடிக்கும்.

அவள் பாஸ் செய்தது கேட்டு எனக்கு அழுகையே வந்துவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் எப்படி எடுத்துக்கொள்வார்களோ.

இங்கே நிலைமை உனக்குத் தெரியாது. ஹாஜி இந்த முஹர்ரத்துக்குப் புது ஒலிபெருக்கி வாங்கியிருக்கிறார். திடலுக்குத் துணிப்பந்தல் போடப் போகிறார். உடுப்பு, குதிரை, முரசு எல்லாம் அவருடையது. யாருக்கு எந்த வேடம் என்பதும் அவர் வாயில்தான். நாவிதர் வீட்டு அஸ்கருக்கு என் வேடத்தின் மேல் ஒரு கண். பயலுக்குக் குரல் தேன்தான், ஆனால் அழத் தெரியாது. எனக்கு நாற்பத்தாறு ஆகிறது, மேல் சுருதியில் தொண்டை பிசிறடிக்கிறது. வருஷத்தில் பத்து நாள் நான் ஒரு மனிதன் அக்கா. மற்ற நாளெல்லாம் மண்சுவர் பூசுகிறவன், ஆடு மேய்க்கிறவன். இதை நீ புரிந்துகொள்ள வேண்டும்.

அப்புறம் நீ எழுதினது ஒன்று மனசைக் குத்திவிட்டது. நாங்கள் காகிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டுதான் வசனம் சொல்வோம். முப்பது வருஷமாக எனக்கு மனப்பாடம், ஆனாலும் காகிதம் கையில் இருந்தாக வேண்டும். நான் அவர் இல்லை, அவர் சொன்னதை வாசிக்கிறவன் மட்டும்தான் என்று ஜனங்களுக்குக் காட்டும் மரியாதை அது. அந்த மரியாதை இல்லாமல் ஒரு நாளும் நான் மேடை ஏறியதில்லை. என்னைப் போய் ஜைனப் பீவியோடு சேர்த்து வைத்துக் கேட்கிறாயே, அது பாவமில்லையா?

ஆள் வரட்டும், பார்ப்போம். எதற்கும் அவசரப்படாதே.

உன் தம்பி,
நுஸ்ரத்


ரெய் நகரம்
துல்கஅதா பிறை 10

நுஸ்ரத்துக்கு,

அக்ரூட் வந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டேன். எந்த ஊர் அக்ரூட் என்று அவர்களுக்குத் தெரியாது, ருசித்துச் சாப்பிட்டார்கள். தயிர்க்கட்டியை ஹகீமா தொடவில்லை.

காகிதத்தைப் பற்றி எனக்கே பாடம் எடுக்கிறாயா? அந்தக் காகிதம் யார் கையெழுத்து? வாப்பாவின் பழைய ஏடு பிய்ந்து தூளானபோது அவருக்குக் கண் மங்கிவிட்டது. அவர் சொல்லச் சொல்ல எழுதினவள் பன்னிரண்டு வயசு கௌகப். உனக்கு அப்போது ஒன்பது வயசு, எழுத்துக் கூட்டத் தெரியாது. இமாமின் சின்ன மகளாக நடிக்க உன்னைத் தள்ளிவிட்டால் வாயைத் திறக்காமல் நிற்பாய். திரைக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு வரியாக எடுத்துக்கொடுத்தேன். பிறகு வாப்பா கட்டிவந்த ஜைனப் வேடம் உனக்கு வந்தபோதும் எந்த வரியில் மூச்சு வாங்க வேண்டும் என்று ஓரத்தில் சிவப்பு மையால் கோடு போட்டுக் கொடுத்தவள் நான். அந்தக் கோடுகளில்தான் நீ இன்றைக்கும் மூச்சு விடுகிறாய். நான் பெண், நான் மேடை ஏற முடியாது. சரி, அது வழக்கம், அதைப் பற்றி எனக்குச் சண்டையில்லை. ஆனால் ஜைனப் பீவி என் வாயிலிருந்துதான் உன் வாய்க்கு வந்தார். அதை மறந்துவிட்டு எனக்குப் பாவ புண்ணியம் சொல்லாதே.

போன வாரம் கீரைக் கடைக்காரன் கேசட் போட்டான். உன் குரல். கடை வாசலில் நின்ற பெண்கள் பையைக் கீழே வைத்துவிட்டு அழுதார்கள். ஒருத்தி என் தோளைத் தொட்டு, "என்ன குரலும்மா இது, இந்த ஆளு வீட்டுல பொறந்தவங்க புண்ணியம் பண்ணியிருக்கணும்" என்றாள். நான் கொத்தமல்லியை எண்ணிக்கொண்டிருந்தேன். எண்ணிக்கை தப்பிப்போயிற்று.

ஒன்று யோசித்துப் பார். கர்பலாப் போர்க்களத்தில் ஒரே பகலில் அண்ணனையும் பெற்ற பிள்ளைகளையும் இழந்துவிட்டு, கட்டுண்டு, ஊர் ஊராக நடத்திச் செல்லப்பட்ட பெண் ஜைனப் பீவி. நோயில் கிடந்த ஒருவரைத் தவிர ஆண் என்று யாரும் மிச்சமில்லை. திமிஷ்கு நகரத்தில் யஸீதின் சபையில் அவர் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் யார் கேட்டிருக்கப் போகிறார்கள்? கர்பலாவில் ஏதோ கலகக்காரர்களை அடக்கினோம் என்று யஸீது சொன்ன கதைதான் இன்றைக்கும் ஊருக்குத் தெரிந்திருக்கும். அவர் பேசினார். பார்த்ததைச் சொன்னார். நமக்கு முஹர்ரம் என்று ஒன்று இருப்பதே அதனால்தான். நீ கட்டுவது அழுகிற வேடம் இல்லை தம்பி, சாட்சி சொல்கிற வேடம்.

உன்னிடம் சபையையோ யஸீதையோ எதிர்க்கச் சொல்லவில்லை. ஓடைக்குப் போகவில்லை, அறையில்தான் இருந்தேன், அவன்தான் கையைப் பிடித்தான் என்று மூன்று சொல் சொல்.

கௌகப்


நவ்தர்ரா
துல்கஅதா பிறை 29

அன்புள்ள அக்காவுக்கு,

விசாரிக்கிற ஆள் வந்துவிட்டுப் போய்விட்டார். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். வேறு யார் வாயிலாவது கேட்டால் கூட்டிச் சொல்வார்கள்.

ஒல்லியான மனிதர், சாம்பல் கோட்டு, தோல் பை. ஊரில் தங்க இடமா இருக்கிறது? ஹாஜி வீட்டு விருந்தறையில்தான் உட்கார்ந்தார். ஒவ்வொருத்தராக அங்கேயே கூப்பிட்டு விசாரித்தார். கடைக்காரர் போனார், பள்ளிவாசல் பெரியவர் போனார். அவர்கள் என்ன சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது, ஊகிக்கலாம்.

கூப்பிடாமலே ஒருத்தர் வந்தார். கசாப்புக் கடை மஷ்தி கரம். நாடகத்தில் யஸீது வேடம் கட்டுவாரே, அவர்தான். சிவப்பு அங்கி போட்டுக்கொண்டு அரியாசனத்தில் உட்கார்ந்தபடியே தேம்பித் தேம்பி அழுகிற மனிதர், யாரிடமும் அதிர்ந்து பேசினதில்லை. ரத்தக் கறை படிந்த முன்துணியோடு உள்ளே நுழைந்து, "ஐயா, அந்தப் புள்ள சொக்கத் தங்கம். அது மேல சொல்றது அத்தனையும் பொய்" என்றார். வந்தவர், நீங்கள் நேரில் பார்த்தீர்களா என்று கேட்டார். "பாக்கல. ஆனா எனக்குத் தெரியும்" என்றார் கரம். வந்தவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். கரம் அப்படியே நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் வாசல் பக்கம் செருப்புகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தேன்.

அடுத்து என்னைக் கூப்பிட்டார். ஹாஜி அங்கேயேதான் இருந்தார், சமோவார் கொதிகலனிலிருந்து தன் கையாலேயே எனக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். சூடு கையைச் சுட்டது, கீழே வைக்கவும் முடியவில்லை.

"நீங்க தாய்மாமனாமே, உங்களுக்கு என்ன தெரியும்?" என்று கேட்டார்.

"சொந்தக்காரன் சொல்றது சாட்சியாகாதுங்களே" என்றேன்.

"சாட்சி வேணாம். தெரிஞ்சதைச் சொல்லுங்க."

"நல்ல பொண்ணுதாங்க."

அன்றைக்கு நடந்ததைக் கேட்டார். ஓடைக்குப் போயிருந்ததாகச் சொன்னேன். ஏற்கெனவே நாற்பது பேர் முன்னால் சொன்னது, மாற்றிச் சொன்னால் இரண்டும் பொய் என்று ஆகிவிடாதா? அவர் எழுதிக்கொண்டார்.

நல்ல பெண் என்று சொன்னேன் அக்கா. ஹாஜி முன்னாலேயே சொன்னேன். அதை மட்டும் மறந்துவிடாதே.

நுஸ்ரத்


ரெய் நகரம்
துல்ஹஜ் பிறை 20

நுஸ்ரத்துக்கு,

கடிதம் வந்துவிட்டது. உன்னுடையது இல்லை, அலுவலகத்திலிருந்து. உள்ளூர் விசாரணையின்படி தகுதியில்லை என்று இரண்டு வரி. ஹகீமா நின்றுகொண்டே படித்தாள், மடித்து உறையில் போட்டாள், உட்கார்ந்து பாதியில் விட்ட கொத்தமல்லியை ஆய்ந்து முடித்தாள். அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

யஸீது பேசியிருக்கிறார். ஜைனப் ஓடைக்குத் துணி அலசப் போய்விட்டார். இப்படி ஒரு நாடகத்தை எந்த ஊரிலும் பார்த்திருக்க மாட்டார்கள்.

முறையீடு செய்யலாம் என்று அடியில் போட்டிருக்கிறது. முஹர்ரம் பிறை 24, காலை ஒன்பது மணி, ரெய் கல்வி அலுவலகம், மூன்றாம் மாடி. சாட்சி இருந்தால் கூட்டி வரலாமாம். நான் உன்னைக் கூப்பிடவில்லை. ஒரு தடவை கேட்டாயிற்று. தகவலுக்காக எழுதுகிறேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். என் காகிதங்களைத் திருப்பி அனுப்பு. நான் எழுதினது, என் கோடு, என் மை. என் கையெழுத்தைக் கையில் பிடித்துக்கொண்டு இந்த வருஷம் நீ மேடையில் ஏறக் கூடாது. அஸ்கர் ஏறட்டும், அழத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை.

கௌகப்


நவ்தர்ரா
முஹர்ரம் பிறை 13

அக்கா,

காகிதங்கள் இதோடு வருகின்றன. மொத்தம் பத்தொன்பது தாள். எட்டாவது தாளின் மூலை கிழிந்தது போன வருஷம், மேடையில் புரட்டும்போது.

உன் கடிதம் முஹர்ரம் பிறக்கும் முன்பே வந்துவிட்டது. உடனே அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பினால் நான் ஏற முடியாது என்று வைத்துக்கொண்டேன். பொய் சொல்லி என்ன ஆகப் போகிறது?

பத்து நாளும் நடித்தேன். பதினோராம் நாள் யஸீதின் சபை. புதுப் பந்தல், புது ஒலிபெருக்கி. சுற்று ஊர்களிலிருந்து டிராக்டரில் ஜனங்கள் வந்திருந்தார்கள். முதல் வரிசையில் ஹாஜி. ஈரஜ் சர்பத் தட்டோடு நடந்துகொண்டிருந்தான், நெற்றித் தழும்பு மேல் தலைமுடியை இழுத்து விட்டிருந்தான். கரம் சிவப்பு அங்கியில் அரியாசனத்தில் உட்கார்ந்து, வசனம் வரும் முன்னாலேயே அழுதுகொண்டிருந்தார்.

நான் பேச வேண்டிய இடம் வந்தது. தாளைப் பார்த்தேன். சிவப்புக் கோடு. நீ கோணலாகப் போட்ட கோடு. அதற்கு மேல் எழுத்து எதுவும் கண்ணில் தெரியவில்லை. தாளை மடித்துக் கை மடிப்பில் செருகினேன். முகத்திரையைத் தூக்கித் தலைக்குப் பின்னால் போட்டேன். வெள்ளைத் தாடியோடு ஒரு ஆம்பிளை முகம்.

"நான் அங்கதான் இருந்தேன்" என்றேன். "நான் பாத்தேன். அந்தப் புள்ள எந்தத் தப்பும் பண்ணல. என் கண்ணு முன்னாலதான் எல்லாம் நடந்துச்சு. நான் வாயத் திறக்கல."

வசனம் இல்லை அக்கா, நான் பேசுகிற பேச்சிலேயே சொன்னேன். கரமுக்குப் புரிந்துவிட்டது. அரியாசனத்திலிருந்து இறங்கி மண்ணில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார். அவ்வளவுதான், திடல் முழுக்க எழுந்து மாரில் அடித்துக்கொண்டு கதறியது. நான் வரியை மறந்துவிட்டேன் என்று நினைத்து முரசுக்காரர் முரசைத் தட்டிவிட்டார், எக்காளம் ஊதிவிட்டார்கள். நான் கத்திக்கொண்டே இருந்தேன். என் சத்தம் எனக்கே கேட்கவில்லை.

ஹாஜியும் அழுதார். முடிந்ததும் மேலே வந்து என் தோளில் ஒரு சால்வை போட்டு, "இத்தன வருஷத்துல இப்படி ஒரு ஜைனபை நான் பாத்ததில்ல நுஸ்ரத்" என்றார். ஈரஜ் எனக்குச் சர்பத் கொடுத்தான். கைக்கு வந்ததை வாங்கிக்கொண்டேன்.

ஒருத்தருக்கும் விளங்கவில்லை என்றா நினைக்கிறாய்? பாதிப் பேருக்காவது விளங்கியிருக்கும். விளங்காதவர்கள் மாதிரி அழுதுவிடுவது அவர்களுக்குச் சௌகரியமாக இருந்தது. குற்றம் என்னுடையதும்தான். ஈரஜ் என்ற பெயரைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பெயர் இல்லாமல் சொன்னால் அது கர்பலாவுக்கும் பொருந்தும், எங்கும் பொருந்தும்.

இன்னொன்று எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்தச் சுமை என்னோடுதான் மண்ணுக்குள் போகும். நீ என்னைப் பேசாதவன் என்றுதான் திட்டுகிறாய். அதைவிட மோசமானது ஒன்று உனக்குத் தெரியாது என்று நினைக்கிறேன். அன்றைக்கு நான் உள்ளறையில் இருந்தேன், நடுவில் ஒரு திரைச்சீலைதான். சோற்றுப் பாத்திரம் தரையில் விழுகிற சத்தம் கேட்டது. சீலை விலகின சந்தில் அவன் அவள் கையை முறுக்குவதைப் பார்த்தேன். ஹகீமா "மாமா" என்று கூப்பிட்டாள். இரண்டு தடவை கூப்பிட்டாள். என் கையில் ஜைனப் பீவியின் கறுப்பு அங்கி இருந்தது. நான் அதைப் பிடித்துக்கொண்டு பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டேன். அடுப்புக் கம்பியை அவளாகவேதான் எடுத்தாள். அறையில்தான் இருந்தேன் என்று ஊரில் சொன்னால் ஏன் வெளியே வரவில்லை என்று கேட்பார்களே. அதற்குத்தான் ஓடை. அவள் இதை உன்னிடம் சொன்னாளா?

இனி நான் வேடம் கட்ட மாட்டேன். 24ஆம் பிறை நான் வரட்டுமா? வா என்று ஒரு வரி எழுது, வந்துவிடுகிறேன்.

நுஸ்ரத்


ரெய் நகரம்
முஹர்ரம் பிறை 26

நுஸ்ரத்துக்கு,

உன் கடிதம் 22ஆம் பிறை கிடைத்தது. வா என்று நான் எழுதிப் போட்டால் உன் கைக்கு வர ஒன்பது நாள். இத்தனை கடிதம் போட்ட உனக்கு அது தெரியாதா? பஸ் ஏறினால் ஐந்து மணி நேரம்.

காகிதங்கள் வந்தன. கிழித்துப் போடத்தான் கையில் எடுத்தேன். வரிக்கு வரி அவர் பெயர் இருக்கிறது, கிழிக்க மனசு வரவில்லை. துணியில் சுற்றிக் குர்ஆன் இருக்கிற அலமாரியில் மேல்தட்டில் வைத்திருக்கிறேன்.

நீ கேட்டதற்குப் பதில். அவள் என்னிடம் சொல்லவில்லை. ஒன்றரை வருஷம் ஒரே பாயில் என் பக்கத்தில் படுத்திருக்கிறாள், ஒரு வார்த்தை சொல்லவில்லை. உன் கடிதத்தைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தேன். அவள் எதிரில் உட்கார்ந்து வெந்தயக்கீரையின் வேரை நறுக்கிக்கொண்டிருந்தாள். இரண்டு தடவை கூப்பிட்டாள் என்ற வரி வந்ததும் கடிதத்தை மடியில் வைத்துவிட்டேன். அவள் தலையைத் தூக்கவில்லை. "மூணு தடவம்மா" என்றாள். உன் கணக்கில் ஒன்று குறைகிறது, திருத்திக்கொள்.

மன்னிப்பு கேட்டு நீ எழுதவில்லை. நல்லதாகப் போயிற்று, கேட்டிருந்தாலும் கொடுப்பதற்கு அது என்னுடையது இல்லை.

24ஆம் பிறை காலையில் நாங்கள் இரண்டு பேரும் போனோம். மேசைக்கு அந்தப் பக்கம் நான்கு ஆண்கள், ஒரு பெண்மணி. என்னை வாசலோடு நிறுத்திவிட்டார்கள். கதவு முழுக்கச் சாத்தவில்லை, எல்லாம் காதில் விழுந்தது. எழுதிக்கொண்டு வந்திருக்கிறாயா என்று கேட்டார்கள். இல்லை என்றாள். கையில் காகிதம் இல்லாமல் அந்த ஐந்து பேர் முன்னால் நின்று சோற்றுப் பாத்திரத்திலிருந்து அடுப்புக் கம்பி வரைக்கும் சொன்னாள். ஈரஜ் என்ற பெயரைச் சொன்னாள், தகப்பன் பெயரோடு சொன்னாள். குரலை உயர்த்தவில்லை. அழுவாள் என்று எதிர்பார்த்து அந்தப் பெண்மணி தண்ணீர் ஊற்றி வைத்தார், அது அப்படியே இருந்தது. எந்த இடத்தில் மூச்சு வாங்க வேண்டும் என்று அவளுக்கு யாரும் கோடு போட்டுக் கொடுக்கவில்லை நுஸ்ரத். நான் சுவரில் சாய்ந்து நின்றேன். நாம் இரண்டு பேரும் சேர்ந்து முப்பது வருஷம் என்னத்தைப் படித்தோம் என்று இருந்தது.

நடுவில் உட்கார்ந்திருந்த பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சாட்சி இருந்தால் இன்றைக்கே முடித்துவிடலாம், இல்லாமல் ஒரு பெண் சொல்லை மட்டும் வைத்து ஊரே சொன்னதை மாற்ற முடியாது என்றார். "அந்த நேரத்துல பக்கத்துல வேற யாராவது இருந்தாங்களா?" என்று கேட்டார்.

இப்போது உன் பெயரைச் சொல்வாள், உன் கடிதத்தைக் கேட்பாள் என்று நான் பைக்குள் கையை விட்டு எடுத்து வைத்துக்கொண்டேன். நீ வராவிட்டாலும் உன் கையெழுத்து வந்திருக்கிறதே, அது போதாதா?

"யாரும் இல்ல" என்றாள்.

அடுத்த வருஷம் மறுபடி எழுது, அதற்குள் ஊரில் யாராவது மனம் மாறினால் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார்கள். படிக்கட்டில் இறங்கும்போது எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. கடிதம் கையில்தானே இருந்தது, மாமா இருந்தார் என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன, ஏன் பொய் சொன்னாய் என்று அத்தனை பேர் முன்னால் கத்திவிட்டேன்.

அவள் என் கையிலிருந்த உன் கடிதத்தை வாங்கி மடித்து என் பைக்குள்ளேயே திரும்ப வைத்தாள்.

"பொய் இல்லம்மா. அங்க யாரும் இல்ல. இருந்திருந்தா வந்திருப்பாங்க."

கௌகப்